தரம் நாற்பது

இந்த ஊரின் பெயரை யாராலும் சுருக்க முடிந்ததில்லை.
இத்தொக்கொர்தூர்மீத்.
கோப்பின் தலைப்பில் நான் அதை முழுதாகவே எழுதுகிறேன்.
மற்றதையெல்லாம் சுருக்குவதுதான்
எனக்குச் சம்பளம்.

முந்நூற்றுச் சொச்சம் பேர்.
மலைமேல் ஒரு செயற்கைக்கோள் தட்டு,
அதன் வழியே நூலாய் இழியும் இணையம்.
நூக் நகரத்தில் என் மேசையிலிருந்து புறப்படும்
நான்கு மெகாபைட் கடற்பனி வரைபடம்
அங்கே போய்ச் சேர்வதற்குள்
எர்லிங் ஹம்மெக்கன் காப்பி குடித்து முடித்து
நாய்களைப் பூட்டிக் கிளம்பியிருப்பார்.

ஆகவே ஜேபெக்.
தரம், நாற்பது.
இருநூறு கிலோபைட்!
அன்று மதியம் பிர்கித்தேவிடம்
இரண்டு முறை இதைச் சொல்லிக்கொண்டேன்.

ஜேபெக்குக்கு உலகம்
எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகத்தான் தெரியும்.
ஒவ்வொரு கட்டத்திலும்
கண் கவனிக்காது என்று தோன்றுவதைக் கழித்துவிடும்.
வானத்தில் கழிக்கலாம்.
நாயின் முடியில், மூச்சுப் புகையில், திமிங்கிலத்தின் முதுகில்
எவ்வளவு வேண்டுமானாலும் கழிக்கலாம்,
கணக்குக் கேட்க ஆள் இல்லை.
வரைபடத்தில் வானம் இல்லை.
ஒரு கறுப்புக் கோடு.
இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் எர்லிங்:
“கோட்டின் ஓரமெல்லாம் பொடிப்பொடியாய் ஏதோ கிடந்ததே,
குழைந்த பனி என்று நினைத்தேன்.
முனையைச் சுற்றிப் போனேன்.
ஏழு மணி நேரம் கூடுதல்.
ஒரு நாய்க்குப் பாதம் கிழிந்துவிட்டது.”

திட்டவில்லை.
“அந்தப் புள்ளிகளை யார் வைத்தது?” என்று மட்டும் கேட்டார்.

யாரும் வைக்கவில்லை என்று
வாய்வரை வந்தது.
நழுவுபட்டையை எழுபதிலிருந்து நாற்பதுக்கு
இழுத்த விரல்
இன்னும் என் கையில்தான் இருந்தது.

அன்றிரவு மூலப்படத்தையும் அனுப்பிய படத்தையும்
அருகருகே வைத்து
எட்டு மடங்கு பெருக்கிப் பார்த்தேன்.
கோட்டை மொய்த்த கொசுக்கள் தெரிந்தன,
அவர் சொன்னபடியே.
அவர் சொல்லாத ஒன்றும் தெரிந்தது.
மூலத்தில்
ஒரே பிக்சல் அகலத்தில்
வெளிர்நீலமாய் ஒரு விரிசல்,
அவர் வழக்கமாய்ப் போகும் பாதைக்குக் குறுக்கே.
அனுப்பிய படத்தில்
அந்த இடம் பால் போல் வெள்ளை.

இருந்ததை விழுங்கியதும்
இல்லாததைத் துப்பியதும்
அதே நாற்பது.
ஒரு பொய் அவரை வா என்றது.
இன்னொரு பொய் வராதே என்று மறித்தது.
எர்லிங் பிழைத்திருப்பது
எந்தக் கணக்கில் வரும்?
பிர்கித்தேவிடம்கூட நான் கேட்கவில்லை.

விடிவதற்குள் பிஎன்ஜிக்கு மாற்றினேன்.
ஓரங்களை மழுக்குவதை நிறுத்தினேன்.
எண்ணிப் பார்த்தால் ஏழே நிறங்கள்,
பதினாறு மில்லியன் நிறங்களுக்கு இடம் பிடித்து
வீணாய் உட்கார்ந்திருந்தன.
ஏழை மட்டும் வைத்துக்கொண்டு சேமித்தேன்.
அறுபத்தொரு கிலோபைட்.

மறுபடி பார்த்தேன். அறுபத்தொன்றுதான்.
ஒரு புள்ளியும் தொலையவில்லை, ஒன்றும் முளைக்கவில்லை,
விரிசல் விரிசலாகவே இருந்தது.
இவ்வளவு லேசாக இருக்குமென்று தெரிந்திருந்தால் என்று
ஆரம்பித்து
அந்த வாக்கியத்தை முடிக்காமல்
முகம் கழுவப் போனேன்.

திங்கட்கிழமை எர்லிங்கின் பதில்:
“கோடு சுத்தம்.”
கூடவே ஒரு புகைப்படம்.
நாய்க்குக் கட்டுப் போட்டிருக்கிறாராம், பார்க்கச் சொல்கிறார்.
சுருக்கவில்லை, வெட்டவில்லை,
ஒன்பது மெகாபைட்,
ஊரின் முழு நூலையும் அடைத்துக்கொண்டு
மேலிருந்து கீழாக
பட்டை பட்டையாய் இறங்குகிறது.

விரிசலைப் பற்றி எழுத ஆரம்பித்த கடிதம்
இன்னொரு சன்னலில் திறந்தே கிடக்கிறது.

முதலில் வானம்.
மறுபடியும் வானம்.
ஒரு கூரையின் சிவப்பு.
இரண்டு காதுகள், ஒன்று மடிந்து.
கால்
இன்னும் வரவில்லை.